இருநூற்றுப் பன்னிரண்டு ‘அ’

கைகூப்பி வரவேற்ற சித்தப்பாவின் முகத்தை ஸ்ரீகலா பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

இரண்டு வரிகளை நீக்கிய கை அது. நீங்கியது இரண்டு வரி. சரிந்தது ஒரு சுவர். மடிந்தது ஓர் உயிர். மண்ணானது அவள் தந்தையின் பெயர். இத்தனையும் செய்து முடித்த கைக்கு இன்று கூப்பவும் தெரிந்திருக்கிறது!

“வா மக்களே, வா. வழி மறந்து போச்சோன்னு நினைச்சேன்” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“மறக்கல்ல சித்தப்பா. ஒண்ணையும் மறக்கல்ல.”

பாறசாலைச் சந்தைக்குப் பின்புறம் இருக்கும் அந்தப் பதிப்பகத்தின் படியைக் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு அவள் இன்றுதான் மிதிக்கிறாள். ‘கட்டுமானக் கைநூல்’ ஏழாம் பதிப்புக்கு ஒரு பொறியாளரின் சான்றொப்பம் வேண்டும், அண்ணன் மகளே அதைத் தர வேண்டும் என்று சித்தப்பா தூது விட்டதையும், திருவனந்தபுரத்திலிருந்து அவள் “வாறேன்” என்று ஒற்றைச் சொல்லில் விடை அனுப்பியதையும் சென்ற வாரம் கண்டோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆண்டுக் கனல் அடைந்து கிடந்தது என்பதை அந்தப் பெரியவர் அறியவில்லை.

கனல் மூண்ட கதையை அறியாதோர்க்குச் சுருங்கச் சொல்வோம்.

எல்லையோரத்து மண் இது. ஒரே கட்டடத்தில் பொறியாளர் மலையாளம் பேசுவார், மேற்பார்வையாளர் தமிழ் பேசுவார், கம்பி கட்டுகிறவர் இரண்டையும் கலந்து பேசுவார். அந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத் ஸ்ரீகலாவின் தந்தை தாணுலிங்கமும் அவர் தம்பி அனந்தகிருஷ்ணனும் ஒரு நூலைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் எழுதினார், தம்பி அச்சிட்டு விற்றார். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் பக்க எண் ஒன்றே. “நூற்று நாற்பது நோக்கு” என்று அவர் சொன்னால் இவர் தம் பிரதியில் நூற்று நாற்பதைத் திறப்பார். இருவர் கண்ணிலும் ஒரே அட்டவணை நிற்கும். மொழி வேறுபட்ட இடத்தில் பக்க எண்ணே மொழியாயிற்று.

ஆகவே சகோதரர் இருவரும் தமக்கு ஒரு சட்டம் விதித்துக்கொண்டார்கள். எத்தனை பதிப்பு வந்தாலும், எத்தனை திருத்தம் புகுந்தாலும், பக்கம் நகரக் கூடாது. ஒரு பக்கத்தில் புதியது நுழைய வேண்டுமானால் அதே பக்கத்தில் பழையது ஒன்று வெளியேற வேண்டும்.

அந்தச் சட்டமே பிறகு கத்தியாயிற்று. நான்காம் பதிப்பின்போது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சிமெண்ட் விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டது. அது தாங்குசுவர் அட்டவணைப் பக்கம். மண்சரிவைத் தாங்க எழுப்பும் சுவர் இன்ன உயரமானால் இன்ன கனம் வேண்டும் என்று கூறும் பக்கம். அட்டவணையின் கீழே இரண்டு வரிக் குறிப்பு இருந்தது: ‘சுவருக்குப் பின்னே நீர் தேங்காத இடங்களுக்கு மட்டுமே இவ்வளவுகள் பொருந்தும். நீர் வடியத் துளை விடாத சுவருக்கு இதனைக் கையாளற்க.’

எழுதியவரைக் கேட்காமலே அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு அனந்தகிருஷ்ணன் விளம்பரத்தைச் செருகினார். அதன்பின் ஒரு மழைக்காலத்தில் காரோடு என்னும் ஊரில் ஒரு தாங்குசுவர் சரிந்தது. கூலியாள் ஒருவர் மாண்டார். ஒப்பந்தக்காரர் விசாரணையில் கைநூலை நீட்டினார். “எழுதியது எங்க அண்ணன், நான் வெறும் பதிப்பாளன்” என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார் தம்பி. ஐந்தாம் பதிப்பில் அண்ணனின் பெயர் தலைப்புப் பக்கத்தை விட்டே அகன்றது.

தாணுலிங்கம் ஒரு சொல் பேசவில்லை. ஊர் பேசியது. செங்கல் என்னும் ஊரில் உறவுக்காரர் ஒருவரின் திருமணம், மண்டபத்துச் சுவரோரம் அவர் போய் அமர்ந்தபோது நேற்றுவரை ‘சார்’ என்று வணங்கிய ஒருவன் உரக்கச் சொன்னான்: “எலே, அந்தச் சுவரு தாணு சாறுக்க கணக்கா? அப்ப கொஞ்சம் தள்ளி இருங்க.” மண்டபம் சிரித்தது. ஸ்ரீகலாவின் தாய் அதன்பின் எந்தத் திருமணத்துக்கும் போகவில்லை. போகாமலே ஒரு நாள் கண்மூடினாள். அந்தச் சிரிப்பை ஸ்ரீகலா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உள்ளறையின் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, பக்கங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தான் சித்தப்பாவின் மகன் சிவபிரசாத். விற்பனை முழுவதும் அவன் பொறுப்பு.

“அக்கா, சாயா எடுக்கட்டா?”

“சாயா பெறவு. காரியத்தைச் சொல்லு.”

“காரியம் இதாக்கும்” என்று அவன் ஸ்கேலை எடுத்துக்கொண்டான். “மடக்கை அட்டவணை எல்லாம் தூக்கியாச்சு. இப்ப அதைப் பாக்க யாரு இருக்கா? அந்த இடத்துல நிலநடுக்க விதிகளை வைக்கணும். கம்பி வகை மாறின பக்கம் எல்லாம் சிவப்பு. காங்கிரீட் கலவை பச்சை. பச்சையும் சிவப்பும் சேந்த பக்கத்துல என்னத்தைத் தூக்கன்னு தெரியாம எனக்க தலைமுடிதான் உதிருது.”

“உனக்க தலையில உதிர என்ன பாக்கி இருக்கு?”

சிவபிரசாத் சிரித்தான். சித்தப்பாவும் சிரித்தார். பகை தணிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பு அவரை ஏமாற்றியது.

“ரெண்டு வேலையாக்கும் மக்களே” என்று அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். “கடையில ஆறாம் பதிப்பு தீந்து போச்சு. அதை அப்படியே ஒரு மறு அச்சு. திருத்தம் ஒண்ணும் இல்லாம, சந்தைக்கு உடனே. ஏழாம் பதிப்பு பைய வரட்டு. அதுக்குத்தான் ஒரு அரசுத் துறை பெரிய ஆர்டர் தாறதாச் சொல்லிருக்கு. சான்று இருந்தா எடுப்பாவ, இல்லேன்னா எடுக்க மாட்டாவ. நம்ம குடும்பப் புத்தகத்துக்கு வெளியாளுக்க வாசல்ல போய் நிக்கணுமா?”

“குடும்பப் புத்தகமா? தலைப்புப் பக்கத்துல உங்க பேரு மட்டும்தானே உண்டு. குடும்பம் எங்க இருக்கு?”

ஸ்ரீகலா எழுந்து சுவரிலிருந்த தாளின் முன் நின்றாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் கட்டம் வெள்ளையாக இருந்தது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. திருத்தம் தேவையற்ற தூய பக்கமாம்!

“இதைப் பட்டியல்ல காணலியே சித்தப்பா.”

“அது ஒரு சின்னக் காரியம். ஏழாம் பதிப்புல அந்த ரெண்டு வரியையும் சத்தம் இல்லாம திரும்ப வச்சிரலாம்.”

“சத்தம் இல்லாம எடுத்தீங்க. சத்தம் இல்லாம வைக்கவும் செய்வீங்களோ? நடுவுல எங்க அப்பா அவமானப்பட்டது மட்டும் ஊரு கேக்க நடந்துச்சே!”

“பின்னே உனக்கு என்னதான் வேணும்?”

“எழுதணும். குறிப்பு இருந்துச்சு, நான்காம் பதிப்புல அதை எடுத்தவர் பதிப்பாளர் அனந்தகிருஷ்ணன், நூலாசிரியருக்கு அது தெரியாது. இதை அதே பக்கத்துல அச்சடிக்கணும். பழைய பதிப்பு வச்சிருக்க ஆளுகளுக்கும் திருத்தச் சீட்டு போகணும்.”

“நான் உசிரோட இருக்கும்போ, எனக்க அச்சுல, எனக்க பேரை நானே கெடுக்கதா?”

“ஆமா. அதாக்கும் வேணும்.”

சிவபிரசாத் ஸ்கேலைக் கீழே வைத்தான். “அக்கா, கொஞ்சம் யோசிங்க. கடைக்காரன் என்ன சொல்லுவான்? ‘ஆளைக் கொன்ன புத்தகம்’னு தூக்கிப் போட மாட்டானா?”

“ஆளு செத்தது உள்ளதா இல்லியா?”

“உள்ளதுதான். அதுக்கு…”

“பின்னே கடைக்காரன் உள்ளதைத்தானே சொல்லுவான்!”

அனந்தகிருஷ்ணன் எழுந்தார். கூப்பிய கை இப்போது மேசையை அறைந்தது. “நீ ஒப்பு போடாட்டா ஏழாம் பதிப்பு நிக்கும். நிக்கட்டு! மறு அச்சுக்கு எவனுக்க கையெழுத்தும் வேண்டாம். நெய்யாற்றின்கரையில சஜி மிஷின்ல ஏத்தியாச்சு. நாளைக்கு பைண்டிங். போய் உங்க அப்பாகிட்ட சொல்லு.”

தான் மறுத்தால் சித்தப்பா வீழ்வார் என்று எண்ணி வந்தவள் அவள். உண்மையில் வீழப்போவது யார்? அதே பழைய பக்கம், அதே குறையோடு, புத்தம் புதிய அட்டைக்குள் புகுந்து ஊர் ஊராகப் போகும். யாரோ ஒரு மேற்பார்வையாளர் அதை நம்பிச் சுவர் எழுப்புவார். யாரோ ஒரு கூலியாள் அதன் அடியில் நின்று மண் வெட்டுவான். சித்தப்பா மட்டும் இதே நாற்காலியில் அமர்ந்து, “நான் வெறும் பதிப்பாளன்” என்று மறுபடியும் சொல்வார்.

சொல்ல விடக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும். காரில் ஏறும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

நெய்யாற்றின்கரையில் சஜியின் அச்சகம் முழுவதும் மையின் வாடை. மடிக்காத பெரிய தாள்கள் அடுக்கடுக்காக நின்றன. இவளைக் கண்டதும் சஜி துணியில் கையைத் துடைத்தான்.

“சேச்சி, முதல்லயே சொல்லிருதேன். உங்க குடும்பச் சண்டையில எனக்க பேப்பரைக் கிழிக்கப்படாது. முதலாளி இப்பத்தான் விளிச்சாரு, ‘அவ வந்தா ஒண்ணும் காட்டாதே’ன்னு.”

“அப்ப காட்டாதே. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.”

“அந்த மூலையில” என்று சஜி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஒரு தாளில் பதினாறு பக்கங்கள். மடித்தால் இருநூற்று ஒன்பதில் தொடங்கி இருநூற்று இருபத்து நான்கில் முடியும் தாளை அவள் கண்டெடுத்தாள். மை காய்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டின் அடியில் சிமெண்ட் மூட்டை சிரித்தது.

“சஜி, இந்தத் தாளை மட்டும் திரும்ப அடிக்க முடியுமா?”

“பேப்பர் இல்லை சேச்சி. வேணும்னா ஒரு காரியம் செய்யலாம். ஒத்தை இலை அடிச்சு, இருநூத்துப் பன்னெண்டுக்கு எதிர்க்க பசை வச்சு ஒட்டலாம். இருநூத்துப் பன்னெண்டு ‘அ’ன்னு எண்ணு போட்டா பெறவுள்ள பக்கம் ஒண்ணும் நகராது. ஒரு குறை உண்டு. ஒட்டின இலை உள்ள புத்தகத்தை எங்க தொறந்தாலும் அங்கதான் போய் விழும்.”

“அது குறை இல்லை சஜி” என்றாள் ஸ்ரீகலா. அன்று முதன்முறையாக அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் ஈரமே இல்லை. திறக்கிற ஒவ்வொரு கையும் முதலில் சித்தப்பாவின் செயலைத் திறக்கும்! கடைக்காரன் திறப்பான்; மாணவன் திறப்பான்; மண்டபத்தில் சிரித்தவனின் மகன் திறப்பான். இதைவிட ஒரு தண்டனையை எந்த நீதிமன்றம் தரும்?

“முதலாளி சொல்லாம நான் ஒட்ட மாட்டேன்” என்றான் சஜி.

“சொல்லுவாரு.”

அவள் அங்கேயே நின்று கைப்பேசியில் ஒரு மடல் எழுதினாள். ‘இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்க அட்டவணை, அதன் குறிப்பின்றி வெளியிடப்படுமானால் உயிருக்கு ஆபத்து என்பதைப் பொறியாளர் என்ற முறையில் இதன்மூலம் உங்களுக்கு அறிவிக்கிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்பினாள். சிவபிரசாத்துக்கு அனுப்பினாள். ஏழாம் பதிப்பைக் கேட்டிருந்த அந்தத் துறைக்கும் ஒரு படி அனுப்பினாள். பிறகு அழைத்தாள்.

“பாத்தீங்களா சித்தப்பா?”

“பாத்தேன்.”

“இது வரைக்கும் ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்ல உங்களுக்கு ஒரு வாய் இருந்துச்சு. இப்ப அதை அடைச்சாச்சு. இனி ஒரு சுவரு விழுந்தா, தெரிஞ்சே செய்தவரு நீங்க. அண்ணன் எழுதினாருன்னு சொல்ல முடியாது. பதிப்பாளன்னு ஒதுங்க முடியாது. பைண்டிங் பண்ணுங்க. நாளைக்கே பண்ணுங்க.”

“மக்களே…”

“இல்லேன்னா இலை ஒட்டணும். நான் எழுதித் தாறதை அப்படியே. உங்க பேரோட.”

சஜி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நின்றான்.

“எழுதிக்கோ” என்றார் அனந்தகிருஷ்ணன். “பேரையும் போட்டுக்கோ. சஜிகிட்ட நான் சொல்லுதேன். ஒண்ணு மட்டும். அடிக்கதுக்கு முந்தி அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிரு.”

இரக்கம் வருமா என்று ஸ்ரீகலா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். வரவில்லை. வந்தது மகிழ்ச்சி, பல்லாண்டுக் கடுங்கசப்பில் ஊறிய மகிழ்ச்சி.

“நாளை காலையில எனக்கு எழுத்து கிட்டணும் சேச்சி” என்றான் சஜி. “பெறவு என்னைக் குறை சொல்லப்படாது.”

அதியன்னூரில் தாணுலிங்கம் அடுக்களையில் நின்று சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி மறைந்த பின் அடுப்பை எவருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.

“கை கழுவிட்டு வாங்கப்பா. ஒண்ணு காட்டணும்.”

“சேனை அறுத்த கை. வாசி, கேக்கேன்.”

அவள் வாசித்தாள். மேடையில் வாசிப்பது போல நிமிர்ந்து நின்று வாசித்தாள். நீக்கப்பட்ட குறிப்பு, நீக்கியவர் பெயர், ‘நூலாசிரியர் தாணுலிங்கம் இதற்குப் பொறுப்பல்லர்’ என்ற முடிவு. எத்தனை இரவு மனத்துக்குள் எழுதி எழுதி அழித்த வாசகம்! இதோ, அச்சேறப் போகிறது.

தாணுலிங்கம் கத்தியைக் கீழே வைத்தார்.

“செத்தவனுக்க பேரு எங்க?”

ஸ்ரீகலா தாளைப் பார்த்தாள். ‘கூலியாள் ஒருவர்’ என்று எழுதியிருந்தாள். விசாரணை ஏட்டிலும் அப்படித்தான் இருந்தது. பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்தது. தன் தந்தையின் பெயருக்காக இத்தனை காலம் எரிந்தவள், மாண்டவனின் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை! மேல்வீட்டுப் பெயர் அழிந்தால் அது அநீதி. கீழே மண் வெட்டியவன் பெயரோடு அழிந்தால் அது வெறும் விபத்தோ?

“பேரு தெரியாதுப்பா” என்றாள்.

“சுவாமிதாஸ். காரோட்டுல அவனுக்க பெண்டாட்டி உண்டு, விலாசினி. முதல் வரியில அவனுக்க பேரைப் போடு. கேக்காம போடப்படாது. போய்க் கேட்டுட்டுப் போடு.”

“செரி. நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் போவோம்.”

“நான் வரல்ல.”

“என்னத்துக்கு?”

அவர் மறுபடியும் கத்தியை எடுத்தார். நறுக்கவில்லை. “நீ போ மக்கா. அவ சொல்லுகதை முழுசும் கேளு. இடையில எந்திரிச்சு வந்திராதே.”

அடக்கம் என்று எண்ணிக்கொண்டாள் மகள். தன் பெயர் மீளும் நாளிலும் பிறர் பெயரை முன்னே வைக்கும் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டாள். நெஞ்சு நிமிர்ந்துதான் காரோட்டுக்குப் புறப்பட்டாள்.

விலாசினி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நெடிய உருவம்; நரைத்த தலை; எதிராளியை நேராகப் பார்க்கும் பார்வை.

“தாணு சாறுக்க மவளா? இஞ்ச வர இவ்வளவு காலம் பிடிச்சுதோ? பஸ் எல்லாம் நல்லா ஓடுதே!”

“தப்புதான் அக்கா” என்றாள் ஸ்ரீகலா.

“தப்புன்னு சொல்லியாச்சா? செரி, இரு.”

ஸ்ரீகலா உட்காரவில்லை. வந்த செய்தியைச் சொன்னாள். தாளை வாசித்தாள். முதல் வரியில் சுவாமிதாஸின் பெயரைச் சேர்த்து வாசித்தாள். அந்தப் பெயரைக் கேட்டபோது விலாசினியின் கை குழாயின் மேல் அப்படியே நின்றது.

“அச்சுல வருமா?”

“வரும். தமிழ்ப் புத்தகத்துலயும் மலையாளத்துலயும் வரும்.”

“நல்லது. உங்க சித்தப்பனை நல்லா மாட்டியாச்சு, இல்லியா?”

“மாட்டியாச்சு.”

“எனக்கும் சந்தோசமாக்கும். பாதிச் சந்தோசம்.”

“பாதியா?”

விலாசினி குழாயை மூடினாள். “அந்த வேலையில நானும் உண்டு. சாந்துச் சட்டி சுமந்தேன். சுவரு விழுகதுக்கு முந்தின நாள் சாயந்திரம் உங்க அப்பன் அங்க வந்தாரு. தெரியுமா?”

“எங்க அப்பாவா?”

“வேற எந்தத் தாணு சாறு? ஸ்கூட்டர்ல அந்த வழி போனவரு, சுவரைப் பாத்துட்டு நிறுத்தினாரு. கை வச்சுத் தட்டினாரு. அங்கேயும் இங்கேயும் நடந்தாரு. காண்ட்ராக்டரை விளிச்சு, ‘வெள்ளம் போக துவாரம் எவிடே?’ன்னு கேட்டாரு. அவன் வண்டியில இருந்து புத்தகத்தை எடுத்துட்டு வந்து, ‘சாறே, இது சாறின்டெ புஸ்தகம் நோக்கித் தன்னெ கெட்டியதா. இதில் அங்ஙனெ ஒண்ணும் இல்லல்லோ’ன்னு, துளை பத்தின வரியே இல்லாத அந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டினான். சாறு பாத்தாரு. பாத்துட்டே நின்னாரு. முகத்துல சோரை இல்லை, வெளுத்துப் போச்சு.”

“பெறவு?”

“பெறவு என்ன! எனக்க மாப்பிள்ளை பக்கத்துல மண்வெட்டியோட நிக்காரு. நானும் சட்டியோட நிக்கேன். ‘இது விழும், வேலைய நிறுத்து’ன்னு ஒத்தை வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். அந்த ஆளுக முன்னால தன்னுக்க புத்தகம் தப்புன்னு சொல்ல நாக்கு வரல்ல. ‘நாளைக்கு வாறேன், வந்து சொல்லுகேன்’ன்னு புத்தகத்தை மூடிக் கொடுத்துட்டுப் போனாரு. ராத்திரி முழுக்க மழை. காலையில காண்ட்ராக்டர் சொன்னான்னு அடியில வெள்ளம் போக சால் வெட்ட இவரு இறங்கினாரு. உங்க அப்பன் வாறதுக்கு முந்தி சுவரு வந்துட்டு.”

மாலைக் காற்றில் வாழையிலை சலசலத்தது. ஸ்ரீகலாவின் கையிலிருந்த தாளும் சலசலத்தது.

“விசாரணையில ஏன் இதைச் சொல்லல்ல?”

“காண்ட்ராக்டர் சொன்னா, அவரு துவாரத்தைக் கேட்டதும் வெளிய வரும். அதனால அவன் வாய் தொறந்து மிண்டல்ல. உங்க அப்பனும் மிண்டல்ல.”

“நீங்க?”

விலாசினி சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முன் செங்கல் மண்டபத்துச் சிரிப்பு சிறு குழந்தையின் விளையாட்டு.

“எங்கிட்ட யாரு கேட்டா?”

நாட்டில் சட்டம் உண்டு, விசாரணை உண்டு, பத்திரிகை உண்டு, பதிப்பு பல கண்ட நூலும் உண்டு. கணவனைப் பறிகொடுத்தவளிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் இங்கே ஒருவருக்கும் நேரம் இல்லை! ஸ்ரீகலாவுக்கு இப்போது புரிந்தது. தந்தை அவளை இங்கே அனுப்பியது ஒரு பெயரைச் சேர்க்க அனுமதி கேட்பதற்காக அன்று. தம் வாயால் சொல்ல இயலாததை அவள் கேட்க வேண்டிய வாயிலிருந்து கேட்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்.

கையில் இருந்த வாசகத்தின் கடைசி வரி கண்ணில் குத்தியது: ‘நூலாசிரியர் தாணுலிங்கம் இதற்குப் பொறுப்பல்லர்.’

“நான் வந்தது பழி தீக்க” என்றாள் மெல்ல, யாரிடம் என்று இல்லாமல்.

“அதுதான் தெரியுதே. நடையிலயே தெரிஞ்சுது” என்றாள் விலாசினி. “தீத்துக்கோ. வேண்டாம்னு நான் சொல்லல்ல. பாதிப் பழியைத் தீத்துட்டு எனக்க மாப்பிள்ளைக்க பேரை அதுக்கு மேல வைக்கப்படாது. அது எனக்குச் சம்மதம் இல்லை. வைக்கதானா முழுசும் எழுதணும். எடுத்தவனுக்க பேரு ஒண்ணு. பாத்துட்டு மூடினவனுக்க பேரு ஒண்ணு. எழுதுவியா?”

கைப்பேசி ஒலித்தது. சஜி. அவள் எடுக்கவில்லை. ஒலித்து ஒலித்து ஓய்ந்தது.

“எழுதுவியா மோளே?”

“நாளைக்கு…” என்று தொடங்கிய ஸ்ரீகலா அந்தச் சொல்லைப் பாதியில் கடித்துத் துண்டித்தாள். விலாசினியின் முகம் இறுகியதை அவள் கண்டுவிட்டாள்.

விலாசினி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, முற்றத்தின் நடுவே போட்டாள். தான் எதிரே கல்லில் அமர்ந்துகொண்டாள்.

“நாளைக்கு வேண்டாம். இஞ்ச இருந்தே எழுது. நான் பாத்துட்டு இருக்கேன்.”

ஸ்ரீகலா உட்கார்ந்தாள்.